மசாத்லானில் ஆறு இரவுகள்: பழைய வீட்டு ஹோட்டலில் எந்த அறையைக் கேட்பது?

சனிக்கிழமை இரவு பன்னிரண்டரை மணி இருக்கும். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே தூபா ஊத ஆரம்பித்தார்கள். உடம்பைச் சுற்றி வளைத்து மாட்டிக்கொள்ளும் பெரிய பித்தளை வாத்தியம் அது. கூடவே கிளாரினெட், டிரம்பெட், டிரம்போன், தம்போரா என்கிற பெரிய மேளம். பன்னிரண்டு, பதினான்கு பேர் இருந்தார்கள். யாருக்கோ பிறந்தநாள். படுக்கையில் எழுந்து உட்கார்ந்த அம்மா, "திருவிழா மாதிரியில்ல இருக்கு, விடிய விடிய வாசிப்பாங்களாடி?" என்று கேட்டார். இரண்டு மணி வரை வாசித்தார்கள்.

அது பாந்தா இசை. மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தின் உயிர்மூச்சு. மசாத்லான் ஊரில் பாந்தா சத்தமாக இருக்கிறது என்று சொல்வது, தஞ்சாவூர்ப் பக்கம் போய்த் தவில் சத்தமாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். தவறு என்னுடையது. ஹோட்டலின் படங்களைப் பார்த்து, இருப்பதிலேயே அழகான அறையை எடுத்தேன். தெருவைப் பார்த்த பால்கனி, இரும்புக் கம்பி வேலைப்பாடு, மயில்கழுத்து நீலச் சுவர். அந்த அறை வீட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அங்கே தங்கிய ஆறு இரவுகளில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மெக்சிகோவின் பசிபிக் கரையில், கடகரேகைக்குச் சற்றே தெற்கே இருக்கிறது மசாத்லான். நாங்கள் போனது 2024 ஜனவரிக் கடைசியில். நான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸில் வேலை பார்க்கிறேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தார். பாலைவனத்தையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "கடல் இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். பீனிக்ஸிலிருந்து நேரடி விமானம் உண்டு. அரிசோனாவைப் போலவே அங்கும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் இரண்டு ஊரிலும் ஒரே நேரம்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாகச் சுற்றுலா விசா வேண்டாம். திரும்பி அமெரிக்காவுக்குள் வர அந்த விசா பலமுறை நுழைவுக்கானதாக இருப்பது நல்லது. அம்மாவுடையதை எடுத்துப் பார்த்த பிறகுதான் டிக்கெட் போட்டேன். விதிகள் மாறக்கூடியவை, நீங்களும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கே நீளமான மணல் கரையும் பெரிய பெரிய ஹோட்டல்களும் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு சோனா தொராதா, அதாவது தங்கப் பகுதி என்று பெயர். தெற்கே பழைய ஊர். நாங்கள் பழைய ஊரில், பிளாசுவேலா மச்சாதோ என்ற சதுக்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் தங்கினோம். பத்து அறைகள்தான்.

வீடு என்றுதான் சொல்ல வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் வரிசையாக ஒட்டி ஒட்டி நிற்கும் முகப்புகள். ஒன்று மாம்பழ மஞ்சள், அடுத்தது செங்கல் சிவப்பு, அதற்கடுத்தது வாடாமல்லி நிறம். எங்களுடையது மஞ்சளில் வெள்ளைக் கரை. பெரிய மரக்கதவைத் தாண்டினால் சகுவான் என்கிற நடை. நம் வீடுகளின் ரேழி மாதிரி. அது நேரே முற்றத்தில் கொண்டுபோய் விடும். முற்றத்தின் நடுவே சின்ன நீரூற்று, சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். கூரை உயரம் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு. கனமான மர உத்தரங்கள். சுவரின் தடிமன் என் முழங்கை நீளம் இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "இது நம்ம ஆத்தங்குடிக் கல்லுல்ல!"

தரையில் பதித்திருந்தது சிமென்ட் டைல். மெக்சிகோவில் மொசைக்கோ தே பாஸ்தா என்கிறார்கள். சாயம் கலந்த சிமென்ட் குழம்பை அச்சுக்குள் நிறம் நிறமாக ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு, எந்திரத்தில் அழுத்தி எடுப்பது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே இறுகும். ஆத்தங்குடிக் கல்லும் அதே குடும்பம்தான், அதை மட்டும் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி எடுப்பார்கள், பளபளப்பு அந்தக் கண்ணாடியில் இருந்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பாவில் கிளம்பிய தொழில் அது. ஒரு பக்கம் செட்டிநாட்டுக்கும், இன்னொரு பக்கம் மெக்சிகோ வியாபாரிகளின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா பிறந்த வீட்டில் இந்தத் தரைதான். பிறகு ஆறு நாளும் அந்த வீட்டுக்குள் அவர் செருப்பே போடவில்லை. வெயிலில் நடந்து வந்து அதில் கால் வைத்தால் குளிர்ச்சி உச்சி வரை ஏறும். ஈரமானால் வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, அறைக்கு வருவோம். ஞாயிறு காலை வரவேற்பில் இருந்த இளைஞரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "செஞோரா, வாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டு, காலியாக இருந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அந்த அரைமணி நேரத்தில்தான் இப்படிப்பட்ட வீடு எப்படி இயங்குகிறது என்று புரிந்தது.

தெருப்பக்க அறைக்குக் காற்றும் வெளிச்சமும் பால்கனியும் உண்டு, சத்தமும் உண்டு. பழைய ஊர்ப் பகுதியை 2001-ல் வரலாற்றுச் சின்னப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். அங்குள்ள பழைய கட்டடங்களின் முகப்பை மாற்றத் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதனால் பழைய மரச் சன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடுவதெல்லாம் எளிதில் நடக்காது. நாம் எந்த அழகுக்காக அங்கே போகிறோமோ அதே சன்னல் வழியாகத்தான் தூபாவும் உள்ளே வருகிறது. முற்றத்துப் பக்க மாடி அறை இரவில் அமைதி. ஆனால் மேலே நேராகக் கூரை என்பதால் பிற்பகலில் சூடு இறங்கும், ஏசி இல்லாமல் முடியாது. முற்றத்துப் பக்கக் கீழ் அறை நாள் முழுக்கக் குளிர்ச்சி. காலையில் தட்டும் கரண்டியும் கேட்கும், சன்னலைத் திறந்தால் எல்லோரும் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். கடைசியாகப் பின்கட்டுக் கீழ் அறை. பின்னால் இருந்த சின்ன இரண்டாவது முற்றத்தைப் பார்த்தது. வெளிச்சம் குறைவு, படத்தில் எடுபடாது, விலையும் கொஞ்சம் குறைவு. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இதே போதும்" என்றார்.

லிஃப்ட் கிடையாது என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். முதல் நாள் அம்மா முழங்கால் வலியோடு இருபத்திரண்டு படி ஏறியிருந்தார். பழைய வீட்டுப் படிகள் உயரமானவை. பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே ‘பிளாந்தா பாஹா’ என்று கேளுங்கள். தரைத்தளம் என்று அர்த்தம். ‘இன்தெரியோர்’ என்றால் உள்பக்கத்து அறை. ‘த்ராங்கீலா’ என்றால் அமைதியானது. இந்த மூன்று சொல்லையும் சேர்த்து ஒரு வரி எழுதிப் போட்டால் பதில் வந்துவிடும். படம் அனுப்பச் சொல்வதைவிட, அறையின் சன்னல் எதைப் பார்க்கிறது என்று கேட்பது மேல்.

அம்மா சுவரில் கை வைத்துப் பார்த்தது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். கடலோரப் பழைய வீடுகளில் கீழ்த்தளச் சுவர் ஈரத்தை உறிஞ்சி உப்புப் பூக்கும். அங்கே அதற்கு சலீத்ரே என்று பெயர். சுண்ணாம்பு அடித்த சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று, பெயிண்ட் உப்பி உதிரும். நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னாலும் அலமாரிக்கு உள்ளேயும் ஒருமுறை பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த அறை வேண்டாம். எங்கள் பின்கட்டு அறையில் ஒரு மூலையில் லேசாகப் பொரிந்திருந்தது, வாடை இல்லை.

சத்தத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நாங்கள் வந்து இரண்டு மாதத்துக்குள், 2024 மார்ச்சில், கடற்கரையில் பாந்தா வாசிப்பது விருந்தினர்களுக்குத் தொந்தரவு என்று ஹோட்டல்காரர்கள் சிலர் சொல்லப்போய், இசைக்கலைஞர்கள் வாத்தியங்களோடு தெருவில் திரண்டு வாசித்தபடி ஊர்வலம் போனார்கள். செய்தியைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கலைஞர்கள் பக்கம்தான் மனம் போனது. அவர்களுக்கு அது சோறு. நாம் அறையை மாற்றிக்கொள்ளலாம். 1898-லிருந்து முறைப்படி நடந்துவரும் கார்னவல் திருவிழாவும் இந்தப் பழைய ஊர்க் கடற்கரையில்தான். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாட்களில். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் மாதக்கணக்கில் முன்னால் அறை பிடியுங்கள். தூக்கம் முக்கியம் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மாலையில் மச்சாதோ சதுக்கத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. நடுவில் இரும்பு மண்டபம், சுற்றிலும் மரங்கள், உணவகங்களின் மேசைகள் தெருவுக்கே வந்துவிடும். பிலிப்பைன்ஸில் இருந்து வந்து இங்கே பெரிய வியாபாரியான ஹுவான் நெபொமுசேனோ மச்சாதோ 1837-ல் கொடுத்த நிலம் அது. பக்கத்திலேயே ஆங்ஹெலா பெரால்தா நாடக அரங்கு. அதன் கதை என்னை விடவில்லை. ‘மெக்சிகோவின் வானம்பாடி’ என்று பெயர் வாங்கிய ஓபெரா பாடகி ஆங்ஹெலா பெரால்தா, 1883 ஆகஸ்டில் தன் குழுவோடு இந்த ஊருக்குப் பாட வந்தார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. குழுவில் மிகப் பெரும்பாலோர் இறந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று அவரும் போய்விட்டார். வயது 38. இறக்கும் தறுவாயில், அரங்கை ஒட்டி இருந்த விடுதியில் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். பின்னாளில் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1975-ல் ஒலிவியா புயலில் அது சிதைந்து, வெகுகாலம் பாழாய்க் கிடந்து, 1992-ல் மறுபடி திறந்தது.

அந்த நோயைப் பரப்பியது கொசு என்பது அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. முற்றமும் தொட்டியும் சேமித்த தண்ணீருமாக இருந்த வீடுகள் இவை. அதே ஏடிஸ் கொசுதான் இன்று அங்கே டெங்குவைப் பரப்புகிறது. ஆகவே முற்றமுள்ள ஹோட்டலில் தங்குகிறவர்கள் கொசு விரட்டும் களிம்பைக் கையோடு கொண்டுபோங்கள், பகலிலும் பூசிக்கொள்ளுங்கள். எங்கள் விடுதியில் நீரூற்றை ஓட விட்டே வைத்திருந்தார்கள், பூச்சட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்க விடவில்லை. ஜனவரியில் கொசு குறைவு. ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் புழுக்கமும். அந்த மாதங்களில் பெரியவர்களைக் கூட்டிப் போக வேண்டாம் என்பேன்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவக்காரர்களுக்கு முக்கியமான சேதி. மசித்து வதக்கிய பீன்ஸைப் பார்த்தால் பருப்பு மாதிரி இருக்கும், எடுத்துக்கொள்ளத் தோன்றும். பல இடங்களில் அதைப் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். தோர்த்தியா என்பது சப்பாத்தி மாதிரி ரொட்டி, மைதா தோர்த்தியாவிலும் அதே கொழுப்பு இருக்கலாம். சிவப்புச் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இதெல்லாம் அடங்காது. ‘சின் மன்தேகா, சின் கால்தோ தே போயோ’ என்று கொழுப்பையும் கோழிச் சாற்றையும் பெயர் சொல்லித் தவிர்க்க வேண்டும். முதல் நாள் காலை கேட்டபோது, விடுதிச் சமையல்காரம்மா ஒளிக்காமல் "மன்தேகா" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அம்மாவுக்கு மட்டும் எண்ணெயில் தனியாகச் செய்து தந்தார். மக்காச்சோளத் தோர்த்தியா பயப்பட வேண்டாத ஒன்று. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி அரைத்த மாவு. சந்தையில் கொய்யா, பப்பாளி, மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தூவிய மாங்காய். தமரிந்தோ தண்ணீர் என்று ஒன்று விற்கிறார்கள். புளியும் சர்க்கரையும் கரைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா, "பானகம். ஏலக்காய் மட்டும் குறையுது" என்றார். நான் அசைவம். பச்சை இறாலை எலுமிச்சையிலும் மிளகாயிலும் ஊறவைக்கும் அகுவாசீலே இந்த மாநிலத்துப் பண்டம். பகல் நேரத்தில், கூட்டம் அதிகமுள்ள கடையில் சாப்பிட்டேன், வயிறு ஒன்றும் செய்யவில்லை.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. தாழ்வாரத்தில் 20 லிட்டர் கேன் இருக்கும், பல் துலக்கவும் அதில்தான் பிடித்துக்கொண்டோம். குளியலறைக் குழாயில் ‘சி’ எழுத்து இருந்தால் அது வெந்நீர். ஸ்பானிய மொழியில் கலியெந்தே. ‘எஃப்’ தான் பச்சைத் தண்ணீர். இதை முதலிலேயே அம்மாவிடம் சொல்லி வைத்தேன். கழிப்பறைக் காகிதத்தைக் கூடையில் போடச் சொல்லி எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள், பழைய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். மின்சாரம் ஏறத்தாழ அமெரிக்காவைப் போல, 127 வோல்ட். நம் ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் குக்கரும் கெட்டிலும் சரியாகச் சூடேறாது.

பணம். அறை வாடகை வரி சேர்த்து ஓர் இரவுக்குச் சுமார் 2,200 பெசோ ஆனது; அப்போது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 17 பெசோ. சொல்லும் விலையில் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் மாநிலத் தங்கும் வரியும் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். அட்டை தேய்க்கும்போது எந்திரம் டாலரா பெசோவா என்று கேட்டால் பெசோ என்றே அழுத்துங்கள். டாலர் என்றால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். முதல் நாள் ஓர் உணவகத்தில் நான் யோசிக்காமல் டாலரை அழுத்திவிட்டேன்.

ஊர் சுற்ற புல்மோனியா. பக்கச் சுவர் இல்லாத திறந்த வண்டி. 1965-ல் வந்தது. இதில் ஏறினால் நிமோனியா (ஸ்பானிய மொழியில் புல்மோனியா) வரும் என்று டாக்ஸிக்காரர்கள் கேலி செய்தார்களாம், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மீட்டர் கிடையாது, ஏறும் முன் கட்டணம் பேசிக்கொள்ள வேண்டும். ஓலாஸ் அல்தாஸ் கடற்கரை விடுதியிலிருந்து நடக்கும் தூரம். பெயருக்கே ‘உயர்ந்த அலைகள்’ என்று அர்த்தம். பாறையும் இழுப்பும் உண்டு, அங்கே அஸ்தமனம் பாருங்கள், குளிக்க வேண்டாம். குளிக்க நாங்கள் படகில் ஐந்து நிமிடத்தில் இஸ்லா தே லா பியெத்ரா என்ற கடற்கரைக்குப் போனோம். ஒரு விடியற்காலையில் நான் மட்டும் கலங்கரை விளக்கம் ஏறினேன். கடல்மட்டத்திலிருந்து 157 மீட்டர், கடைசிப் பகுதி முழுக்கப் படிகள். வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த ஆறு நாளும் இரவு பத்து மணிக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் நடமாடினார்கள், பயம் தோன்றவில்லை. ஆனால் 2024 செப்டம்பரிலிருந்து சினலோவாவில் போதைப்பொருள் கும்பல்களுக்குள் கடும் மோதல். அமெரிக்க அரசும் அந்த மாநிலத்துக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கிறது. போக நினைப்பவர்கள் அந்த நேரத்து எச்சரிக்கையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். போனால் விமானத்தில் போங்கள், ஊரைவிட்டு வெளியே சாலை வழியாகப் போக வேண்டாம்.

கடைசி நாள் காலை, முற்றத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார் அந்த வீட்டைப் பராமரிக்கும் அம்மா. எங்கள் அம்மா தரையைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினார். நம்மூர் இல்லை, மெக்சிகோ என்றும் எழுதினார். மாமாவிடமிருந்து உடனே பதில்: "தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைக்கிறாங்களா, கேளு." அம்மா அந்த அம்மாவிடம் போய்த் தரையைக் காட்டி, கையால் எண்ணெய் தேய்ப்பது போலச் செய்து காட்டினார். அவர் சிரித்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு வாளியைச் சாய்த்துக் காட்டினார். கொஞ்சம் சோப்பு கலந்த தண்ணீர். பிறகு மேசை மேலிருந்த எலுமிச்சையை எடுத்துத் தரைக்கு நேரே பிடித்து, விரலை ஆட்டினார். புளிப்புப் பட்டால் சிமென்ட் அரித்துவிடும்.

அம்மா ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகத் தட்டினார்: "எண்ணெய் கிடையாதாம். தண்ணிதான். தினமும் துடைக்கிறாங்க."